பவளத்தை குளோசப்ல எடுக்க எந்த கேமரா வாங்கறது: டேங்க் முன்னாடி ஸ்கேலோட உக்கார்றதுல இருந்து ஒரு முழு வழிகாட்டி

குன்னூர்ல எங்க வீட்டு ஹால்ல மூணடி மரைன் டேங்க் ஒண்ணு ஓடிட்டு இருக்கு. ஸோயான்தஸ், டிஸ்கோசோமா மஷ்ரூம், ஒரு லெதர், பச்சை ஸ்டார் பாலிப், எல்லாமே கடைல சாஃப்ட் கோரல்னு சொல்ற, கல் எலும்புக்கூடு கட்டாத பவள வகை, அவ்வளவுதான். கீழ கோயம்புத்தூர்ல டேங்க் வச்சிருக்கறவங்க ஏப்ரல், மே வந்தா சில்லர், அதாவது தண்ணியை குளிர வைக்கற மெஷின், இல்லாம தாக்குப்பிடிக்க முடியாம தவிக்கறாங்க, நமக்கு இங்க ரெண்டு ஹீட்டர் இருந்தா வருஷம் பூரா தண்ணி 25 டிகிரில நிக்கும், அந்த விஷயத்துல மலை நமக்கு பெரிய உபகாரம் பண்ணுது. ஆனா அதே மலை கேமராவுக்கும் லென்ஸுக்கும் என்ன பண்ணும்னு கடைசில சொல்றேன், அதையும் படிச்சுட்டு வாங்குங்க.

டேங்க் போட்டோ பாக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "எந்த கேமரா?" நானும் முதல்ல அதே கேள்வியோடதான் ஆரம்பிச்சேன். சேத்து வச்சிருந்த காசுல பெரும்பகுதியை பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு, போட்டேன், வீட்டுக்கு வந்து டேங்க் முன்னாடி நின்னு எடுத்தா எல்லா படமும் நீல மசி கொட்டின மாதிரி இருந்துது, பவளம் எது பாறை எதுன்னே தெரியல. அப்பதான் ஊட்டில இருக்கற எங்க சித்தப்பா கிட்ட போனேன். அவர் இந்து நகர்ல ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ல வேலை பார்த்தவர். 1960-ல தொடங்கின அந்த கம்பெனில வந்த 'இந்து' கருப்பு வெள்ளை பிலிமை நம்ம ஊர்ல பழைய ஸ்டுடியோக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அவர் என் கேமராவை கைல வாங்கிக்கூட பாக்கல. "கண்ணு, கேமராவை அப்புறம் பேசலாம், மொதல்ல அந்த லைட்டு என்ன பண்ணுதுன்னு பாரு, அப்புறம் கண்ணாடிய பாரு, கேமரா கடைசில வரட்டும்"னு சொன்னார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசைலதான் போகப்போகுது, ஏன்னா அது சரியான வரிசைன்னு மூணு வருஷமா எடுத்து எடுத்து நானே உணர்ந்திருக்கேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கல் பவளங்கள், அதாவது பாறை மாதிரி எலும்புக்கூடு கட்டற வகை எல்லாமே 2001-ல இருந்து வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு இருக்கற அதே பாதுகாப்பு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போறப்ப கரைல கிடக்குன்னு ஒரு துண்டைக்கூட எடுத்துட்டு வராதீங்க. மன்னார் வளைகுடால 21 தீவை சுத்தி இருக்கற பவளப்பாறைக்கு ஏற்கனவே படாத பாடு. டேங்க்ல வளர்த்து பிரிச்ச சாஃப்ட் கோரல் துண்டுகளை, எங்க இருந்து வந்துதுன்னு தெரிஞ்சு வாங்குங்க. ஒரு ரூபா மஷ்ரூமா இருந்தாலும் அழகா படம் எடுக்கலாம், அரிய வகை எதுவும் தேவையே இல்ல.

படி 1: ஸ்கேலை எடுங்க

கடைக்கு போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் டேங்க் முன்னாடி ஒரு ஸ்கேலோட உக்காருங்க. ரெண்டு அளவு வேணும். நீங்க எடுக்க ஆசைப்படற பவளம் எவ்வளவு அகலம்? முன் கண்ணாடில இருந்து அது எவ்வளவு உள்ள இருக்கு?

என் டேங்க்ல ஒரு ஸோயான்தஸ் பாலிப், அதாவது பூ மாதிரி விரியற தனி உயிர் ஒண்ணு, சுமார் 1 செமீ. அது கூட்டமா ஒட்டியிருக்கற பிளக், அதாவது சின்ன அடிக்கட்டை, மொத்தமா சுமார் 4 செமீ. மஷ்ரூம் ஒண்ணு 6 செமீ. இந்த நம்பர் தெரிஞ்சா எவ்வளவு மேக்னிஃபிகேஷன், அதாவது எத்தனை மடங்கு பெருசாக்கறது, வேணும்னு கணக்கு போட்டுடலாம், யாரையும் கேக்க வேண்டாம். 1:1 மேக்ரோன்னா சென்சார் எவ்வளவு பெருசோ அவ்வளவு இடம் படத்துல வரும்னு அர்த்தம். ஃபுல் ஃப்ரேம்ல 36 எம்எம் அகலம், ஏபிஎஸ்-சி சென்சார்ல சுமார் 23.5 எம்எம், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல 17.3 எம்எம். அப்ப ஏபிஎஸ்-சி கேமரால 1:1 வச்சா 1 செமீ பாலிப் படத்துல கிட்டத்தட்ட பாதி அகலத்துக்கு வந்து நிக்கும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல பாதிக்கும் மேல. அதே பிளக் முழுசா வேணும்னா பாதி மேக்னிஃபிகேஷன், அதாவது 1:2 போதும், 47 எம்எம் அகலம் கிடைக்கும். மஷ்ரூமுக்கு மூணுல ஒரு பங்கு போதும், அது பல 18-55 கிட் லென்ஸ்லயே வந்துடுது! நிறைய பேருக்கு இது தெரியாம எடுத்த உடனே பெரிய மேக்ரோ லென்ஸுக்கு காசு போட்டுடறாங்க.

ரெண்டாவது அளவு தூரம். மேக்ரோ லென்ஸ் ஸ்பெக்ல போட்டிருக்கற குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சார்ல இருந்து அளக்கறது, லென்ஸ் முனைல இருந்து இல்ல. 60 எம்எம் மேக்ரோ லென்ஸ் பலதுல 1:1 வேணும்னா லென்ஸ் முனைக்கும் பவளத்துக்கும் நடுவுல சில செமீதான் மிஞ்சும், அதுல கண்ணாடி வேற 8, 10 எம்எம் எடுத்துக்கும், அப்புறம் பவளம் கண்ணாடியை ஒட்டி இருந்தாதான் உண்டு. 90 இல்ல 100 எம்எம் லென்ஸ்ல அதே 1:1-க்கு சுமார் 10-ல இருந்து 14 செமீ வரைக்கும் கிடைக்கும். இதுல நமக்கு தண்ணி ஒரு சின்ன உதவி பண்ணுது. தண்ணிக்குள்ள இருக்கற பொருள் வெளியில இருந்து பாக்கறப்ப கிட்டத்துல தெரியும், நிஜ தூரத்தை 1.33-ஆல வகுத்தா போதும், 15 செமீ உள்ள இருக்கற பவளம் லென்ஸுக்கு 11 செமீ மாதிரிதான். கிணத்துல அடித்தரை மேலாப்புல இருக்கற மாதிரி தெரியுமே, அதே கதைதான்.

உங்க பவளம் கண்ணாடில இருந்து 5 செமீக்குள்ள இருந்தா 60 எம்எம் ஓகே. 10, 15 செமீ உள்ளன்னா 90, 100 தவிர வேற எதையும் யோசிக்காதீங்க. 20 செமீக்கு மேல போயிடுச்சுன்னா லென்ஸை விட பவளத்தை நகர்த்தறது சுலபம். நகர்த்தறப்ப கையுறை போட்டுக்கோங்க, கண்ணுல தண்ணி தெறிக்காம பாத்துக்கோங்க. ஸோயான்தஸ், பாலிதோவா வகைல பாலிடாக்ஸின்னு கடுமையான விஷம் இருக்கலாம், கைல சின்ன வெட்டு இருந்தாலும் வேண்டாம், அந்த பாறைய கொதிக்க வைக்கறதோ காய வச்சு சுரண்டறதோ எந்த காரணத்துக்கும் கூடாது.

படி 2: லைட்டு, இதுலதான் பாதி வேலை

ரீஃப் எல்இடி, அதாவது பவள டேங்க்குக்குன்னு வர்ற லைட்டு, எல்லாத்துலயும் முக்கியமான வெளிச்சம் 450 நானோமீட்டர் பக்கம் இருக்கற நீலம். பவளத்துக்குள்ள வாழற பாசிக்கு அது சாப்பாடு, அதோட பவளத்துல இருக்கற ஒளிரும் புரதங்கள் அந்த நீலத்தை வாங்கி பச்சையாவும் ஆரஞ்சாவும் சிவப்பாவும் திருப்பி விடுது, நம்ம கண்ணுக்கு அதுதான் அந்த மினுமினுப்பு. பச்சை ஒளிர் புரதத்துக்கு 2008-ல வேதியியல் நோபல் பரிசே கிடைச்சுது, அது முதல்ல கண்டுபிடிச்சது ஜெல்லி மீன்ல. சிவப்பு ஒளிர் புரதம் 1999-ல கண்டுபிடிச்சது எதுல தெரியுமா, நம்ம டிஸ்கோசோமா மஷ்ரூம்ல. ஆராய்ச்சிக்கூடம் எல்லாம் இன்னைக்கு பயன்படுத்தற ஒரு சாமானோட ஆதி எங்க ஹால்ல ஒரு கல்லு மேல உக்காந்திருக்குன்னு நினைக்கறப்ப எனக்கு இன்னும் சிலிர்க்குது.

கண்ணு இதை அழகா சமாளிச்சுடும், கேமராவால முடியாது. சென்சார்ல நாலு புள்ளில ஒண்ணுதான் நீலத்துக்கு, ரெண்டு பச்சைக்கு, ஒண்ணு சிவப்புக்கு. ஆனா வர்ற வெளிச்சம் முழுக்க நீலம், அதனால நீலப்புள்ளி நிரம்பி வழிஞ்சுடும், மத்தது ரெண்டும் பட்டினி கிடக்கும். கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கற மீட்டர் வேற பச்சையை வச்சே பெரும்பாலும் கணக்கு போடறதால "இருட்டா இருக்கு"ன்னு நினைச்சு இன்னும் எக்ஸ்போஷரை, அதாவது உள்ள வாங்கற வெளிச்சத்தை, ஏத்தி விடும். ஒரு தடவை நீலம் வழிஞ்சு வெளுத்துடுச்சுன்னா எந்த சாஃப்ட்வேராலயும் திரும்ப கொண்டுவர முடியாது. அதனால கேமரா தேர்ந்தெடுக்கறப்ப மூணு கலருக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம், அதாவது எவ்வளவு வெளிச்சம் பதிஞ்சிருக்குன்னு சொல்ற வரைபடம், காட்டுதான்னு கட்டாயம் பாருங்க, சாம்பல் ஹிஸ்டோகிராம் மட்டும் இருந்தா அது இந்த விஷயத்துல நம்மளை ஏமாத்திடும்.

அடுத்தது வைட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாவே தெரியற மாதிரி கேமரால கலரை சரி பண்றது. வெளிச்சத்தோட கலரை கெல்வின்ல சொல்வாங்க, நம்பர் ஏற ஏற நீலம் கூடும், ரீஃப் லைட்டு 14,000, 20,000 கெல்வின்னு போட்டு விக்கறாங்க. கேனன், நிக்கான், பேனசோனிக், ஃபுஜி எல்லாத்துலயும் பொதுவா 10,000 கெல்வின் வரைக்கும்தான் செட் பண்ண முடியும், சோனில 9,900, ஒலிம்பஸ்ல 14,000 வரை போகும். அதாவது கேமராவுக்குள்ளயே கலரை சரி பண்றது பாதி வழிதான். மீதி வழிக்கு மூணு உபாயம் இருக்கு.

முதல் உபாயம், எடுக்கற பத்து இருபது நிமிஷத்துக்கு மட்டும் கன்ட்ரோலர்ல வெள்ளை சேனலை ஏத்தி நீலத்தை இறக்கறது. செலவே கிடையாது. திடீர்னு 100 சதவீதம் வெள்ளை அடிக்காதீங்க, பவளம் சுருங்கிடும், நான் நீலம் 40, வெள்ளை 30-னு வச்சு எடுக்கறேன், உங்க லைட்டுக்கு நீங்க பாத்து பாத்துதான் கண்டுபிடிக்கணும்.

ரெண்டாவது உபாயம் ஆரஞ்சு ஃபில்டர், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, இதுக்கும் சித்தப்பாதான் காரணம். கருப்பு வெள்ளை காலத்துல வானத்தோட நீலத்தை இருட்டாக்கி மேகத்தை எடுப்பா காட்டறதுக்கு லென்ஸ்ல மஞ்சள், ஆரஞ்சு ஃபில்டர் மாட்டுவாங்க. அவர் பீரோல இருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து திறந்தார், துணில சுத்தி நாலு ஃபில்டர். "டார்க் ரூம்ல ஆரஞ்சு லைட்டு எரியும்ல, பேப்பருக்கு அது கண்ணுக்கே தெரியாது, பேப்பருக்கு தெரிஞ்சதெல்லாம் நீலம்தான். இப்ப உனக்கு தலைகீழா வேணும், நீலம் மட்டும் தெரியக்கூடாது, அவ்வளவுதானே கண்ணு"ன்னார். ஆரஞ்சை மாட்டி எடுத்த முதல் படத்துலயே ஸோயான்தஸோட ஆரஞ்சு வாய், பச்சை பாவாடை, அதை சுத்தி சின்ன சின்ன மயிர் மாதிரி கைகள் எல்லாம் தனித்தனியா தெரிஞ்சுது. முழு நீல வெளிச்சத்துல ஒளிர்றதை அப்படியே காட்டணும்னா இதை மிஞ்சி வேற வழி கிடையாது. வெளிச்சம் கொஞ்சம் குறையும், ட்ரைபாட் இருந்தா பிரச்சனை இல்ல. மஞ்சள் லேசா வெட்டும், ஆரஞ்சு நல்லா வெட்டும், ரெண்டும் வாங்கி வச்சுக்கோங்க, சின்ன ஃபில்டர் மலிவுதான், லென்ஸ் முனை வட்டத்துல எழுதியிருக்கற சைஸைப் பாத்து வாங்கணும்.

மூணாவது, ரா ஃபைல்ல, அதாவது சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கற ஃபைல்ல, எடுத்து அப்புறம் கம்ப்யூட்டர்ல சரி பண்றது. லைட்ரூம்ல 50,000 கெல்வின் வரைக்கும் தள்ளலாம், காசு வேண்டாம்னா டார்க்டேபிள் இருக்கு, ரா தெரப்பி இருக்கு. ரா எடுக்காத கேமராவை இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீங்க, எவ்வளவு மெகாபிக்சல் சொன்னாலும் சரி.

பிளாஷ் பத்தி ரெண்டு வார்த்தை. கேமரா மேல இருக்கற பிளாஷ் கண்ணாடில பட்டு அப்படியே உங்க முகத்துக்கே திரும்பும். தனி பிளாஷை டேங்க் மேல இருந்து கீழ பாத்து வச்சா நல்லாவே வேலை செய்யும், ஆனா வெள்ளை வெளிச்சத்துல அந்த ஒளிர்ற அழகு போயிடும், பவளத்தோட நிஜ சதை கலர்தான் வரும். நோய் இருக்கா பூச்சி இருக்கான்னு பாக்கறதுக்கு அது நல்லது.

படி 3: லென்ஸ்

உங்ககிட்ட ஏற்கனவே ஏதாவது டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச கேமரா ரகம்) இல்ல மிரர்லெஸ் (அந்த கண்ணாடி இல்லாத ரகம்) இருந்தா, புது பாடி வேண்டாம், லென்ஸ் பக்கம் மட்டும் பாருங்க. ரொம்ப கம்மி செலவுல ஆரம்பிக்கணும்னா ரெண்டு வழி.

ஒண்ணு எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ள கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய், லென்ஸை சென்சார்ல இருந்து தள்ளி வைக்கும். கணக்கு சிம்பிள், குழாய் நீளத்தை லென்ஸ் ஃபோகல் லெங்தால வகுக்கணும், 50 எம்எம் லென்ஸோட 25 எம்எம் குழாய் போட்டா 1:2 கிடைக்கும். எலக்ட்ரானிக் கான்டாக்ட் இருக்கற டியூப்தான் வாங்கணும். கான்டாக்ட் இல்லாத மலிவு டியூப்ல கேனன் ஈஎஃப் லென்ஸோட அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையற துளை, முழுசா திறந்தே நிக்கும், நிக்கான் ஜி லென்ஸ்ல முழுசா மூடிக்கும், ரெண்டுமே நமக்கு ஆகாது.

இன்னொண்ணு லென்ஸ் முன்னாடி மாட்டற குளோசப் லென்ஸ். ரேநாக்ஸ் டிசிஆர்-250 நல்ல கண்ணாடி, 8 டயாப்டர் சக்தி, கிளிப் மாதிரி மாட்டிக்கலாம், ஆனா அதை மாட்டினா பவளம் லென்ஸ்ல இருந்து 12 செமீ சுத்திதான் இருக்கணும், அதுக்கு மேல தள்ளி இருந்தா ஃபோகஸே ஆகாது. டிசிஆர்-150 சக்தி கம்மி, தூரம் சுமார் 20 செமீ கிடைக்கும், டேங்க்குக்கு என் ஓட்டு 150-க்குத்தான்.

காசு இருந்தா நேரா 90, 100, 105 எம்எம் மேக்ரோ. டாம்ரான் 90 பழைய மாடலே போதும், டோக்கினா 100, சிக்மா 105, கேனன் 100, நிக்கான் 105, இதுல எது கிடைச்சாலும் கண்ணை மூடிட்டு வாங்கலாம், ஷார்ப்னெஸ்ல எதுவுமே சோடை போகாது. நிக்கான்ல டி3000, டி5000 வரிசை பாடி வச்சிருந்தா பழைய ஏஎஃப்-டி லென்ஸ் ஆட்டோ ஃபோகஸ் ஆகாதுன்னு கடைக்காரர் சொல்வார், பரவால்லன்னு சொல்லி விலையைக் குறைச்சு வாங்குங்க, ஏன்னா டேங்க்ல மேக்ரோவுக்கு நாம ஆட்டோ ஃபோகஸை தொடவே போறதில்ல. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல ஒலிம்பஸ் 60 எம்எம் சின்னதா இருந்தாலும் டேங்க்குக்கு அருமையான லென்ஸ்.

படி 4: பாடி, கடைசியா

இப்பதான் கேமரா. நமக்கு தேவை அஞ்சே விஷயம்: ரா ஃபைல், மூணு கலர் ஹிஸ்டோகிராம், கெல்வின்லயோ வெள்ளை அட்டையை வச்சோ வைட் பேலன்ஸ் செட் பண்ற வசதி, லைவ் வியூல, அதாவது பின்னாடி ஸ்க்ரீன்ல நேரடியா, பெருசாக்கி பாத்து ஃபோகஸ் பண்ற வசதி, அப்புறம் மடக்கி சாய்க்கற ஸ்க்ரீன். டேங்க்கோட கீழ்ப்பகுதி பவளத்தை தரையில படுத்து எடுக்கறப்ப அந்த ஸ்க்ரீனோட அருமை கழுத்துக்கு தெரியும். விநாடிக்கு எத்தனை படம், வீடியோ 4கே-வா, இதெல்லாம் இந்த வேலைக்கு சம்பந்தமே இல்லாதது.

செகண்ட் ஹேண்ட்ல ரொம்ப பழசு வாங்கறப்ப லைவ் வியூவை கட்டாயம் கேளுங்க. நிக்கான் டி40, டி60, டி80, டி3000 இதுலயெல்லாம் லைவ் வியூ கிடையாது, டி90, டி3100-ல உண்டு. கேனன்ல 400டி-ல கிடையாது, 1000டி-ல உண்டு, சாயற ஸ்க்ரீன் வேணும்னா 600டி, 60டி. என் மனசுல பட்டதை சொல்லணும்னா, புதுசா தொடங்கறவங்களுக்கு ஒரு பழைய கேனன் 600டி-யும் ஒரு பழைய 90 எம்எம் மேக்ரோவும் போதும், மொத்த பட்ஜெட்ல பாதிக்கு மேல லென்ஸுக்கு போகட்டும்.

மிரர்லெஸ் வாங்க முடிஞ்சா ஒரு பெரிய சௌகரியம், ஃபோகஸ் ஆன இடத்தை கலர் கோடு போட்டு காட்டும், வியூஃபைண்டர்லயே நிஜ எக்ஸ்போஷர் தெரியும். ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2, கேனன் ஆர்பி மாதிரி சிலதுல ஃபோகஸ் பிராக்கெட்டிங் இருக்கு, தானா ஃபோகஸை கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி வரிசையா எடுத்து கொடுக்கும், அப்புறம் சேத்துக்கலாம். ஆனா பாலிப் அசையறப்ப அது சொதப்பும், மஷ்ரூமுக்குதான் ஒத்து வரும். ஒரு எச்சரிக்கை, மிரர்லெஸ்ல சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை ஆஃப் பண்ணிடுங்க, எல்இடி மங்கலா வைக்கறப்ப வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியற ரகமா இருந்தா படம் பூரா கோடு கோடா விழும்.

ஃபுல் ஃப்ரேம் வேணுமான்னு கேக்கறாங்க. வேண்டாம். சின்ன சென்சார்ல அதே லென்ஸ் இன்னும் கிட்டத்துல எடுத்த மாதிரி படம் கொடுக்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

தண்ணிக்குள்ளயே முக்கி எடுக்கணும்னா ஒலிம்பஸ் டிஜி-5, டிஜி-6, இப்ப ஓஎம் சிஸ்டம் பேர்ல வர்ற டிஜி-7, இந்த மூணுல ஒண்ணு. 15 மீட்டர் ஆழம் தாங்கும், ரா எடுக்கும், லென்ஸ்ல இருந்து 1 செமீ தூரத்துல ஃபோகஸ் ஆகும். சென்சார் ரொம்ப சின்னது, இருட்டுல புள்ளி புள்ளியா வரும்கறது உண்மைதான், ஆனா மேல இருந்து பாக்கற படத்துக்கு, பவளம் மேல இருந்துதான் ரொம்ப அழகு, இதை விட சுலபமான வழி கிடையாது. எடுத்து முடிச்ச உடனே நல்ல தண்ணில பத்து நிமிஷம் ஊற போடணும்.

போன் மட்டும் இருக்கறவங்க வருத்தப்பட வேண்டாம். ஐபோன் 13 ப்ரோ-ல 2021-ல வந்த மேக்ரோ மோடு 2 செமீ தூரத்துக்கானது, கண்ணாடிக்கு பின்னாடி 8 செமீ உள்ள இருக்கற பவளத்துக்கு அது உதவாது, அதை ஆஃப் பண்ணிட்டு டெலி லென்ஸ்ல எடுங்க. முன்னாடி ஒரு ஆரஞ்சு ஃபில்டர் துண்டை பிடிச்சுக்கிட்டாலே பாதி ஜெயிச்சாச்சு.

படி 5: பழசை வாங்கறப்ப பாக்க வேண்டியது

இது என் சொந்த அடி. கீழ ஒரு கடைல வாங்கின லென்ஸை இங்க கொண்டுவந்து ரெண்டு மாசத்துல பாத்தா உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, வாங்கறப்பவே ஓரத்துல இருந்திருக்கு, நான் டார்ச் அடிச்சு பாக்கல. அதனால போன் டார்ச்சை லென்ஸ் பின்பக்கம் சாய்வா அடிச்சு முன்பக்கம் பாருங்க. தூசி இருந்தா பரவால்ல, நூல் மாதிரி, வலை மாதிரி, பால் படிஞ்ச மாதிரி மங்கலா இருந்தா வச்சுட்டு வந்துடுங்க, நம்ம ஊர் ஈரத்துல அது வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும்.

சென்சார் தூசி பாக்கறதுக்கு நமக்கு மலைல ஒரு வசதி இருக்கு, மூடுபனி. வெளிய வந்து அப்பர்ச்சரை எஃப் 16-னு சின்னதாக்கி வெள்ளைப் பனியை ஃபோகஸ் இல்லாம ஒரு படம் எடுத்தா இருக்கற புள்ளியெல்லாம் கருப்பா தெரியும். மேக்ரோவுக்கு எஃப் 8, 11 போவோம், அதனால இது முக்கியம். நிக்கான்னா ஒரு ஜேபெக் எடுத்து அதுக்குள்ள பதிஞ்சிருக்கற ஷட்டர் கணக்கை பாத்துக்கலாம், ஆரம்ப ரக பாடிக்கு ஒரு லட்சம்கறது பொதுவான ஆயுள்.

படி 6: முதல் நாள் எடுக்கற முறை

லைட்டு போட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு எடுங்க, பாலிப் எல்லாம் அப்பதான் நல்லா விரிஞ்சிருக்கும். எடுக்கறதுக்கு முந்தின நாளே உள் கண்ணாடி பாசியை துடைச்சு வைங்க, அன்னைக்கே துடைச்சா தண்ணில தூள் மிதக்கும். வெளி கண்ணாடில உப்புக்கறை இருக்கக் கூடாது.

எல்லா பம்பையும் நிறுத்துங்க. சம்ப், அதாவது டேங்க்குக்கு கீழ இருக்கற ஃபில்டர் தொட்டி, இருந்தா தண்ணியை மேல ஏத்தற ரிட்டர்ன் பம்பை நிறுத்தினப்ப தண்ணி திரும்பி வழியாம இருக்கான்னு முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஹீட்டர் சம்ப்ல இருந்தா மேல டேங்க்ல இருக்கற தண்ணி நம்ம ஊர் குளிருக்கு சீக்கிரம் ஆறும், அதனால அரை மணிக்கு மேல நிறுத்தாதீங்க. போன்ல அலாரம் வைங்க, நான் ஒரு தடவை படம் பாக்கற ஆசைல மறந்து ரெண்டு மணி நேரம் விட்டுட்டேன், மீன் எல்லாம் மேல வந்து மூச்சு வாங்கினதை நினைச்சா இன்னும் வயித்தை கலக்குது.

ஹால் லைட்டை அணைச்சு திரையை மூடுங்க, இல்லன்னா ஜன்னலுக்கு வெளிய இருக்கற தேயிலைத் தோட்டமும் சேந்து படத்துல வரும். கேமராவை ட்ரைபாட்ல வச்சு லென்ஸ் கண்ணாடிக்கு நேர் செங்குத்தா இருக்கணும், சாய்ச்சா கண்ணாடியும் தண்ணியும் சேந்து கலரை பிரிச்சு ஓரமெல்லாம் கலங்கும். இதை மட்டும் சரி பண்ணினாலே பாதி பேரோட படம் தெளிவாயிடும். லென்ஸ் முனைல மாட்டற ரப்பர் ஹூட் இருந்தா கண்ணாடியை ஒட்டி வைங்க.

அப்புறம் ரா, மேனுவல், ஐஎஸ்ஓ 400, எஃப் 8 இல்ல 11, ஷட்டர் 60-ல ஒரு பங்கு விநாடில இருந்து ஆரம்பிச்சு ஹிஸ்டோகிராம்ல நீலம் வலது ஓரத்துல முட்டாத வரைக்கும் மாத்துங்க. எஃப் 8-ல 1:1 எடுக்கறப்ப ஏபிஎஸ்-சில தெளிவா வர்ற ஆழம் ஒரு எம்எம்-கூட கிடையாது, முக்கால் எம்எம்-க்கும் கம்மி. ஆழம் வேணும்னு எஃப் 22 போகாதீங்க, 1:1-ல எஃப் 11 வச்சாலே அது எஃப் 22 மாதிரி நடந்துக்கும், அதுக்கு மேல போனா ஒளி சிதறி எல்லாமே மழுங்கிடும். லைவ் வியூல 10 மடங்கு பெருசாக்கி பாலிப்போட வாய்ல ஃபோகஸ் வைங்க. ரெண்டு விநாடி டைமர் போட்டுட்டு கையை எடுத்துடுங்க. ஒரே பாலிப்பை இருபது படம் எடுத்தா ரெண்டு தேறும், அது சாதாரணம்.

வைட் பேலன்ஸுக்கு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா மூடியை நல்லா கழுவி பவளத்துக்கு பக்கத்துல வச்சு முதல்ல ஒரு படம் எடுத்துக்கோங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ல அதை வச்சே மத்த படத்துக்கெல்லாம் கலரை சரி பண்ணிடலாம்.

படி 7: மலைல கேமராவை காப்பாத்தறது

டிசம்பர், ஜனவரி காலைல ஹால் 10 டிகிரி, டேங்க் தண்ணி 25. முன் கண்ணாடி வழியா எடுத்தா ஒண்ணும் ஆகாது. ஆனா மூடியை திறந்து மேல இருந்து எடுக்க லென்ஸை நீட்டினீங்கன்னா சோத்துப் பானை மூடி மாதிரி ஒரே நிமிஷத்துல ஆவி படிஞ்சுடும், அதுவும் உப்பு ஈரம். கேமராவை பையோட டேங்க் ஸ்டாண்டுக்குள்ள, லைட்டு டிரைவர் சூடு இருக்கற இடத்துல, அரை மணி நேரம் வச்சு லேசா வெதுவெதுப்பாக்கிட்டு எடுங்க. எடுத்து முடிச்சதும் ஆர்ஓ தண்ணில நனைச்சு நல்லா பிழிஞ்ச துணியால பாடியை துடைச்சு, அப்புறம் காஞ்ச துணி.

பூஞ்சைதான் நம்ம பெரிய எதிரி. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன்ல தொடங்கற மழை, குன்னூர், கோத்தகிரில அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், ரெண்டுலயும் வீட்டுக்குள்ள சுவர் வேர்க்கும், அதோட மரைன் டேங்க் வேற இருபத்திநாலு மணி நேரமும் ஆவியை விட்டுட்டு இருக்கு. டேங்க் இருக்கற அறைல லென்ஸை வைக்காதீங்க. ரப்பர் வளையம் வச்சு இறுக மூடற பிளாஸ்டிக் டப்பா, உள்ள கால் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40-ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும். லென்ஸோட வந்த லெதர் உறையை டப்பாக்குள்ள போடாதீங்க, பூஞ்சை அதுல இருந்துதான் கிளம்பும். நீல ஜெல் ஈரம் குடிச்சு ரோஸ் ஆனதும் பழைய இரும்புச் சட்டில மிதமான தீயில வறுத்தா திரும்ப நீலமாகும். நீல ஜெல்ல கோபால்ட் உப்பு இருக்கு, அதனால அந்த சட்டியை சமையலுக்கு திரும்ப எடுக்கவே கூடாது, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு வறுங்க. எங்க வீட்ல அதுக்குன்னு ஒரு சட்டியை ஓரமா கைப்பிடில சிவப்பு நூல் கட்டி தனியா வச்சிருக்கு, மழைக்காலத்துல பத்து நாளுக்கு ஒரு தடவை வறுக்க வேண்டி வரும், வெயில் காலத்துல மாசத்துக்கு ஒரு தடவை போதும்.